மரபணு மாற்றுக் கடுகு: ஒரு சின்ன மஞ்சள் பூவின் விவகாரம் உச்ச நீதிமன்றம் வரை போனது ஏன்?

சாம்பாரோ ரசமோ, பொரியலோ சட்னியோ... எண்ணெய் காய்ந்ததும் முதலில் விழுவது கடுகுதான். தமிழ்நாட்டுச் சமையலறையில் கடுகுக்குப் பெரும்பாலும் அவ்வளவுதான் வேலை. ஒரு டீஸ்பூன் தாளிப்பு, முடிந்தது கதை.

ஆனால் ராஜஸ்தான், ஹரியானா, உத்தரப் பிரதேசம், மேற்கு வங்கம் என வடக்கே போனால் நிலைமையே வேறு. இங்கே நல்லெண்ணெய், கடலை எண்ணெய் எப்படியோ, அங்கே கடுகெண்ணெய் அப்படி. குளிர்காலத்தில் கண்ணுக்கு எட்டிய தூரம் வரை மஞ்சளாகப் பூத்துக் கிடக்கும் வயல்களை இந்திப் படங்களில் பார்த்திருப்பீர்கள். அது கடுகு வயல்.

அந்த மஞ்சள் பூவைச் சுற்றித்தான் இந்திய விவசாயத்தின் மிக நீண்ட சண்டைகளில் ஒன்று நடந்துகொண்டிருக்கிறது. டிஎம்ஹெச்-11 என்ற மரபணு மாற்றுக் கடுகு ரகத்தை வயலுக்கு விடலாமா, கூடாதா? 2024 ஜூலை 23 அன்று உச்ச நீதிமன்றத்தின் இரண்டு நீதிபதிகள் இந்தக் கேள்விக்கு இரண்டு விதமாகப் பதில் சொன்னார்கள்.

"மரபணு மாற்றம் நல்லதா கெட்டதா" என்று பொதுவாகப் பேசினால் இந்த விவகாரம் பிடிபடாது. பூச்சியை விரட்டவோ வறட்சியைத் தாங்கவோ இந்தக் கடுகில் மரபணு மாற்றப்படவில்லை. கடுகுப் பூவின் அமைப்பில் உள்ள ஒரு இயற்கையான சிக்கலைத் தாண்டத்தான் மாற்றப்பட்டது. அந்தச் சிக்கல் புரிந்தால், சண்டையின் பாதி புரிந்துவிடும்.

முதல்ல, இதுவரை என்ன நடந்தது?

டிஎம்ஹெச்-11 என்பது 'தாரா மஸ்டர்ட் ஹைப்ரிட்-11' என்பதன் சுருக்கம். இதை உருவாக்கியது வெளிநாட்டு விதை நிறுவனம் அல்ல. டெல்லி பல்கலைக்கழகத்தின் ஆய்வு மையம். அந்தக் குழுவுக்குத் தலைமை தாங்கியவர், அப்பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராக இருந்த தீபக் பென்டல். தேசிய பால்வள வாரியமும் மத்திய அரசின் உயிரித் தொழில்நுட்பத் துறையும் நிதி கொடுத்தன. பால்வள வாரியத்தின் சமையல் எண்ணெய் பிராண்டான 'தாரா'வின் பெயர்தான் ரகத்தின் பெயரிலும் ஒட்டிக்கொண்டது.

2010-11 முதல் 2014-15 வரை கட்டுப்படுத்தப்பட்ட கள ஆய்வுகள் நடந்தன. 2017 மே மாதம், மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் கீழ் வரும் மரபணுப் பொறியியல் மதிப்பீட்டுக் குழு (ஜிஇஏசி) இதற்குப் பரிந்துரை கொடுத்தது. எதிர்ப்பு கிளம்பியதால் அரசு அதை அப்படியே நிறுத்தி வைத்தது. ஐந்து ஆண்டுகள் கழித்து, 2022 அக்டோபர் 18 அன்று அதே குழு மீண்டும் பரிந்துரைத்தது. ஒரே வாரத்தில், அக்டோபர் 25 அன்று, அமைச்சகத்தின் ஒப்புதல் வந்தது. விதை உற்பத்திக்காகவும், வணிகப் பயன்பாட்டுக்கு முந்தைய சோதனைக்காகவும் நிபந்தனைகளோடு கொடுக்கப்பட்ட ஒப்புதல் அது.

உடனே வழக்கு. நவம்பர் 3 அன்று, இப்போதுள்ள நிலையே தொடரட்டும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. அதற்குள் சில சோதனை வயல்களில் விதை விழுந்துவிட்டிருந்தது.

இந்தியாவில் இதுவரை வணிகரீதியாகச் சாகுபடிக்கு அனுமதிக்கப்பட்ட மரபணு மாற்றுப் பயிர் ஒன்றே ஒன்றுதான்: 2002-ல் வந்த பி.டி. பருத்தி. பி.டி. கத்தரிக்கு 2009-ல் ஜிஇஏசி பச்சைக்கொடி காட்டியும், 2010 பிப்ரவரியில் அப்போதைய சுற்றுச்சூழல் அமைச்சர் ஜெய்ராம் ரமேஷ் அதை நிறுத்தி வைத்தார். எனவே கடுகுக்குக் கிடைக்கும் அனுமதி கடுகோடு நிற்காது, உணவுப் பயிர்கள் எல்லாவற்றுக்கும் அது கதவைத் திறந்துவிடும் என்பது இரு தரப்புக்குமே தெரியும்.

கடுகு, ரேப்சீட், கனோலா... எல்லாம் ஒண்ணா?

அரசுப் புள்ளிவிவரங்களில் 'ரேப்சீட் - மஸ்டர்ட்' என்று சேர்த்தே எழுதுவார்கள். எல்லாம் ஒரே குடும்பம்தான். முட்டைக்கோஸ், காலிஃபிளவர், முள்ளங்கி, டர்னிப் எல்லாம் இந்தக் குடும்பத்து உறுப்பினர்களே. பூவில் நான்கு இதழ்கள் சிலுவை வடிவில் இருப்பதுதான் இந்தக் குடும்பத்தின் அடையாளம்.

இவற்றின் உறவுமுறையைக் கண்டுபிடித்துச் சொன்னவர், ஜப்பானில் பிறந்த கொரிய வம்சாவளி விஞ்ஞானி நாகஹாரு யூ. 1935-ல் அவர் வெளியிட்ட விளக்கம் 'யூ முக்கோணம்' என்று இன்றும் பாடப்புத்தகங்களில் இருக்கிறது. மூன்று அடிப்படைச் செடிகள்: டர்னிப் வகை, கருங்கடுகு, முட்டைக்கோஸ் வகை. டர்னிப் வகையும் கருங்கடுகும் இயற்கையாகக் கலந்து பிறந்ததுதான் இந்தியக் கடுகு. டர்னிப் வகையும் முட்டைக்கோஸ் வகையும் கலந்து பிறந்தது ரேப்சீட். ஆக, இந்தியக் கடுகும் ஐரோப்பிய ரேப்சீடும் ஒரு பக்கத்துப் பெற்றோரைப் பகிர்ந்துகொண்ட உடன்பிறப்புகள் மாதிரி.

சரி, கனோலா? அது தனிச் செடி இல்லை. பழைய ரேப்சீட் எண்ணெயில் எருசிக் அமிலம் அதிகம். எலிகளிடம் நடந்த ஆய்வுகளில் அது இதயத் தசையைப் பாதிக்கலாம் என்ற சந்தேகம் எழுந்தது. புண்ணாக்கிலும் காரமான குளுக்கோசினோலேட் பொருட்கள் அதிகம். கோழி, பன்றித் தீவனத்துக்கு அது ஒத்துவராது. கனடாவின் பால்டுர் ஸ்டெஃபான்சன், கீத் டவுனி ஆகியோர் வழக்கமான ஒட்டு முறைகளிலேயே இரண்டையும் குறைத்த ரகங்களை உருவாக்கினார்கள். 1970-களின் பிற்பகுதியில் அதற்கு வைத்த பெயர் கனோலா. அதில் எருசிக் அமிலம் 2 சதவீதத்துக்கும் குறைவு. வழக்கமான இந்தியக் கடுகெண்ணெயில் அது கிட்டத்தட்ட 40 முதல் 50 சதவீதம் வரை இருக்கும். அதனால்தான் அமெரிக்கக் கடைகளில் கடுகெண்ணெய் பாட்டில் மேல் 'வெளிப்பூச்சுக்கு மட்டும்' என்று அச்சடித்திருக்கும்.

டிஎம்ஹெச்-11 இந்த அமிலத்தைக் குறைக்க வந்த ரகம் அல்ல. அதன் இலக்கு விளைச்சல் மட்டுமே.

விதையிலிருந்து எண்ணெய் வரை

கடுகு ஒரு குளிர்காலப் பயிர். மழைக்காலம் முடிந்து, அக்டோபர், நவம்பரில் விதைப்பார்கள். ஆயிரம் விதையின் எடை சுமார் 5 கிராம்தான். ஒரு கிலோவில் இரண்டு லட்சம் விதைகள் வரும். அதனால் ஏக்கருக்கு ஒன்றரை முதல் இரண்டு கிலோ விதை போதும். ஆணிவேர் ஆழமாக இறங்கும் என்பதால், ஒன்றிரண்டு தண்ணீரிலேயே சமாளித்துவிடும். கோதுமைக்குத் தண்ணீர் போதாத ராஜஸ்தான் மண்ணில் கடுகு கோலோச்சுவதற்கு இதுதான் காரணம். நாட்டின் கடுகு உற்பத்தியில் பாதிக்கு அருகில் அந்த ஒரு மாநிலத்திலிருந்தே வருகிறது. ஐசிஏஆரின் கடுகு ஆராய்ச்சி நிலையம் இருப்பதும் ராஜஸ்தானின் பரத்பூரில்தான்.

டிசம்பர், ஜனவரியில் பூக்கும். கிளையின் அடியிலிருந்து நுனி நோக்கி, வாரக்கணக்கில் பூத்துக்கொண்டே போகும். பிறகு மெல்லிய நீளமான காய்கள். ஒவ்வொன்றிலும் பத்துப் பதினைந்து விதைகள். பிப்ரவரி, மார்ச்சில் அறுவடை. காய் முற்றிக் காய்ந்துவிட்டால் தானே வெடித்து விதை சிதறிவிடும் என்பதால், கொஞ்சம் முன்னதாகவே அறுத்து அடுக்கிவிடுவார்கள்.

விதையின் எடையில் ஏறத்தாழ 40 சதவீதம் எண்ணெய். மீதி புண்ணாக்காக மாட்டுக்குப் போகும். பெரிய எதிரி அசுவினிப் பூச்சி. விதைப்பு தாமதமானால், பூக்கும் நேரத்தில் அசுவினி கூட்டமாக வந்து சாறை உறிஞ்சிவிடும்.

ஒரே பூவில் ஆணும் பெண்ணும்... இங்கதான் சிக்கல்!

கடுகுப் பூவுக்குள் நடுவில் ஒரு சூலகம். அதைச் சுற்றி ஆறு மகரந்தத் தாள்கள். நான்கு உயரம், இரண்டு குட்டை. உயரமான நான்கும் சூல்முடியை ஒட்டியே நிற்கும். மகரந்தப்பை வெடித்ததும் மகரந்தம் பக்கத்திலேயே இருக்கும் தன் சூல்முடியில் விழுந்துவிடும். தேனீக்கள் வந்து கொஞ்சம் கலப்பு நடந்தாலும், இந்தியக் கடுகு பெரும்பாலும் தனக்குத் தானே மகரந்தச் சேர்க்கை செய்துகொள்ளும் செடி.

செடிக்கு இது வசதி. வீரிய ஒட்டு விதை தயாரிப்பவருக்கு இதுதான் தலைவலி.

வீரிய ஒட்டு ரகம் என்பது, தூரத்து உறவான இரண்டு பெற்றோரைக் கலந்து பெறும் முதல் தலைமுறை. அந்தத் தலைமுறை இரண்டு பெற்றோரையும் விட வேகமாக வளர்ந்து, அதிகம் காய்க்கும். மக்காச்சோளத்தில் இது சுலபம். ஆண் பூ உச்சியில், பெண் பூ இடுப்பில். ஒரு வரிசையில் உச்சியை வெட்டி எறிந்தால் போதும். பக்கத்து வரிசையின் மகரந்தம் காற்றில் வந்து சேரும். பருத்தியில் கூலி ஆட்களை வைத்து ஒவ்வொரு பூவிலும் ஆண் பகுதியைக் கையால் கிள்ளி எடுக்கிறார்கள். பருத்திப் பூ பெரியது என்பதால் அது சாத்தியம்.

கடுகுப் பூ ஒரு சுண்டுவிரல் நகம் அளவுகூட இருக்காது. இத்தனை சின்னப் பூவில் ஆறு தாள்களையும் இடுக்கியால் பிடுங்கினால் கிடைப்பது பத்துப் பதினைந்து விதை. லட்சக்கணக்கான ஏக்கருக்கு இப்படி விதை தயாரிக்க வழியே இல்லை. அப்போது என்ன வழி? பெண் வரிசையாக நிற்கும் செடிகளில் மகரந்தமே உருவாகாமல் செய்துவிட வேண்டும்.

மூன்று மரபணு, மூன்று வேலை

டிஎம்ஹெச்-11-ன் பெற்றோர் இருவர். ஒன்று 'வருணா' என்ற பழைய இந்திய ரகம். மற்றொன்று கிழக்கு ஐரோப்பிய மரபைச் சேர்ந்த 'எர்லி ஹீரா-2'. இவை தூரத்து உறவு என்பதால் கலந்தால் வீரியம் அதிகம்.

வருணாவுக்குள் மண்ணில் வாழும் ஒரு பாக்டீரியாவிலிருந்து எடுத்த 'பார்னேஸ்' மரபணுவை வைத்தார்கள். மகரந்தப்பையின் உட்புற அடுக்கில் மட்டும் இது வேலை செய்யும். அங்கே உள்ள செல்களை அழித்துவிடும். மகரந்தம் உருவாகாது. செடி ஆண் மலடு. பெண் பகுதிக்கு எந்தப் பாதிப்பும் இல்லை.

ஆனால் இந்த மலட்டுத்தன்மை விவசாயியின் வயல் வரை போய்விடக் கூடாது. அங்கே காய் பிடிக்க மகரந்தம் வேண்டும். அதனால் எர்லி ஹீரா-2-க்குள் அதே பாக்டீரியாவின் 'பார்ஸ்டார்' மரபணு. இது பார்னேஸை முடக்கிவிடும். இரண்டும் சேர்ந்த பிள்ளைச் செடி வழக்கம்போல மகரந்தம் தரும். ஒன்று பூட்டு, மற்றொன்று சாவி. அவ்வளவுதான்.

இந்த உத்தி டெல்லியில் பிறந்தது அல்ல. பெல்ஜியத்தின் கென்ட் நகர விஞ்ஞானிகள் 1990-லேயே இதை வெளியிட்டார்கள். கனடாவில் 1990-களின் நடுப்பகுதியிலிருந்து இதே முறையில் உருவான கனோலா ரகங்கள் சாகுபடியில் இருக்கின்றன. இந்தியக் கடுகுக்கு ஏற்றபடி அதை மாற்றி அமைத்ததுதான் டெல்லி குழுவின் பங்கு.

மூன்றாவது மரபணுவின் பெயர் 'பார்'. சண்டையின் மையம் இதுதான். இது செடிக்கு குளுஃபோசினேட் என்ற களைக்கொல்லியைத் தாங்கும் சக்தியைக் கொடுக்கிறது. மகரந்தப் பிரச்னைக்கும் களைக்கொல்லிக்கும் என்ன சம்பந்தம்?

சம்பந்தம் இருக்கிறது. ஆண் மலட்டுச் செடி தன்னைத்தானே பெருக்கிக்கொள்ள முடியாது. சாதாரண வருணாவின் மகரந்தத்தைக் கொடுத்துத்தான் அதைப் பெருக்க வேண்டும். அப்படிப் பிறக்கும் பிள்ளைகளில் பாதி மலடு, பாதி சாதாரணச் செடி. விதை வயலில் சாதாரணச் செடிகள் இருந்தால் மொத்த வேலையும் கெட்டுவிடும். நாற்றாக இருக்கும்போது பார்த்துப் பிரிக்கவும் முடியாது. அதனால் பார்னேஸோடு பார் மரபணுவையும் ஒட்டி வைத்தார்கள். களைக்கொல்லி அடித்தால் சாதாரணச் செடிகள் கருகிவிடும், மலட்டுச் செடிகள் தப்பிக்கும். பிரிக்கும் வேலையை மருந்தே செய்துவிடும்.

விதை தயாரிக்கும் இடத்தில் இது ஒரு கருவி. ஆனால் அந்தக் கருவி விதையோடு சேர்ந்து விவசாயியின் வயலுக்கும் போகிறது. எந்த நோக்கத்துக்காக வைத்திருந்தாலும், கடைசியில் விற்பனைக்கு வரும் டிஎம்ஹெச்-11 செடியும் களைக்கொல்லியைத் தாங்கும் செடிதான்.

ஆதரிப்பவர்கள் சொல்வது என்ன?

இந்தியா ஆண்டுக்குச் சுமார் 160 லட்சம் டன் சமையல் எண்ணெயை இறக்குமதி செய்கிறது. தேவையில் பாதிக்கும் மேல் வெளிநாட்டிலிருந்துதான் வருகிறது. ரேஷன் கடையில் கிடைக்கும் பாமாயில் தொடங்கி, ஹோட்டல் வடைச்சட்டி வரை இந்த இறக்குமதிதான் ஓடுகிறது. 2024 அக்டோபரில் மத்திய அரசு 10,103 கோடி ரூபாயில் எண்ணெய் வித்துகளுக்கான தேசிய இயக்கத்துக்கு ஒப்புதல் கொடுத்தது. 2022-23-ல் 390 லட்சம் டன்னாக இருந்த எண்ணெய் வித்து உற்பத்தியை 2030-31-க்குள் 697 லட்சம் டன்னாக உயர்த்துவது இலக்கு.

கள ஆய்வுகளில் டிஎம்ஹெச்-11, வருணாவை விட 28 சதவீதம் கூடுதல் விளைச்சல் தந்ததாக அதை உருவாக்கியவர்கள் சொல்கிறார்கள். இதுவும் முதல்படிதான், பூட்டும் சாவியும் கையில் இருந்தால், இன்னும் நல்ல பெற்றோரைக் கலந்து அடுத்தடுத்து ஒட்டு ரகங்கள் கொண்டுவரலாம் என்பது அவர்கள் வாதம். இன்னொரு கேள்வியையும் கேட்கிறார்கள்: மரபணு மாற்று சோயாவிலிருந்தும் கனோலாவிலிருந்தும் பிழிந்த எண்ணெயை இறக்குமதி செய்கிறோம், பி.டி. பருத்திக் கொட்டை எண்ணெயையும் பல காலமாகச் சாப்பிடுகிறோம். அப்படியிருக்க, நம் விவசாயிக்கு மட்டும் ஏன் தடை?

எதிர்ப்பவர்கள் சொல்வது என்ன?

முதல் எதிர்ப்பு விளைச்சல் கணக்கிலேயே. வருணா 1970-களில் வந்த ரகம். இன்றைய புதிய ரகங்களோடும், மரபணு மாற்றாமல் உருவான ஒட்டு ரகங்களோடும் ஏன் ஒப்பிடவில்லை என்று கேட்கிறார்கள். அப்படிப்பட்ட ஒட்டு ரகங்கள் ஏற்கனவே இருக்கின்றன. பரத்பூர் நிலையத்தின் என்ஆர்சிஹெச்பி-506 ஒன்று. டெல்லி குழுவே மரபணு மாற்றாமல் உருவாக்கிய டிஎம்ஹெச்-1 இன்னொன்று.

இரண்டாவது, களைக்கொல்லி. விவசாயிகள் வயலில் களைக்கொல்லி அடிக்கக் கூடாது, விதை உற்பத்தியில் மட்டும் பயன்படுத்தலாம் என்பது 2022 ஒப்புதலின் நிபந்தனை. காகிதத்தில் சரி. நடைமுறையில்? களைக்கொல்லி தாங்கும் பருத்திக்கு இந்தியாவில் அனுமதியே கிடையாது. ஆனாலும் மகாராஷ்டிரா, குஜராத், தெலங்கானா என அது சட்டவிரோதமாகப் பரவியிருப்பது ஊரறிந்த ரகசியம். களை பறிக்க ஆள் கிடைக்காமல் தவிக்கும் விவசாயியிடம், மருந்தைத் தாங்கும் செடியையும் கொடுத்துவிட்டு, மருந்து அடிக்காதே என்றால் எத்தனை பேர் கேட்பார்கள்? களை பறிப்பதில் கூலி பெறுபவர்களில் பெரும்பாலோர் பெண்கள் என்பதையும் எதிர்ப்பாளர்கள் சுட்டிக்காட்டுகிறார்கள். உச்ச நீதிமன்றம் அமைத்த தொழில்நுட்ப நிபுணர் குழுவும் 2013 அறிக்கையில், களைக்கொல்லி தாங்கும் பயிர்கள் இந்தியாவுக்கு வேண்டாம் என்றே பரிந்துரைத்தது.

மூன்றாவது, தேனீ. குளிர்காலத்தில் தேனீ வளர்ப்போர் பெட்டிகளை லாரியில் ஏற்றிக்கொண்டு ராஜஸ்தான் கடுகு வயல்களுக்குப் போவார்கள். வட இந்தியத் தேன் தொழிலின் முதுகெலும்பே கடுகுப் பூதான். தேனில் மரபணு மாற்று மகரந்தம் கலந்தால் வெளிநாட்டு வியாபாரிகள் வாங்க மாட்டார்களோ என்பது அவர்கள் பயம். ஒட்டுச் செடியின் பூ வழக்கம்போல மகரந்தமும் தேனும் தரும், எனவே தேனீக்குப் பாதிப்பு இல்லை என்கிறது ஆதரவுத் தரப்பு. ஆனால் தேனீக்கள் மீதான தாக்கத்தை ஒப்புதலுக்குப் பிறகு ஆய்வு செய்ய வேண்டும் என்று ஜிஇஏசியே நிபந்தனை போட்டது. ஆய்வு முதலிலா, அனுமதி முதலிலா என்ற கேள்விக்கு அதுவே இடம் கொடுத்துவிட்டது.

நான்காவது, விதை. எந்த ஒட்டு ரகமானாலும் அறுவடையில் விதை எடுத்து வைத்து விதைத்தால் அடுத்த தலைமுறையில் வீரியம் குறையும். இதில் இன்னொன்றும் உண்டு: பூட்டும் சாவியும் பிரிந்துபோய், ஒரு பகுதிச் செடிகள் ஆண் மலடாகவே பிறக்கும். ஆண்டுதோறும் விதை வாங்குவதைத் தவிர வேறு வழியில்லை.

மரபணு மாற்றாமல் முடியாதா?

முடியும் என்பதற்கு ஐரோப்பாவே சாட்சி. ஐரோப்பிய ஒன்றியத்தில் மரபணு மாற்று ரேப்சீட் சாகுபடிக்கு இடமில்லை. ஆனாலும் அங்கே பயிராகும் ரேப்சீடில் பெரும்பங்கு ஒட்டு ரகங்கள்தான். முள்ளங்கிச் செடியில் ஜப்பானில் கண்டறியப்பட்ட இயற்கையான ஆண் மலட்டுத்தன்மையை பிரெஞ்சு விஞ்ஞானிகள் ரேப்சீடுக்குள் கொண்டுவந்தார்கள். 'ஒகுரா' முறை என்று அதற்குப் பெயர். முள்ளங்கியும் இதே குடும்பம் என்பதால் அது சாத்தியமானது.

ஆனால் இந்த வழியும் லேசுப்பட்டதல்ல. மலட்டுத்தன்மையோடு சேர்ந்துவந்த வேண்டாத குணங்களைக் களைய விஞ்ஞானிகளுக்குப் பல ஆண்டுகள் பிடித்தன. மலட்டுத்தன்மையை முடக்கும் மரபணு எல்லாப் பெற்றோரிலும் இருக்காது. அதனால் எந்த இரண்டு ரகத்தை வேண்டுமானாலும் கலக்க முடியாது. பார்னேஸ் - பார்ஸ்டார் முறையில் அந்தச் சுதந்திரம் அதிகம். ஆக, "மரபணு மாற்றினால்தான் ஒட்டுக் கடுகு" என்பதும் சரியல்ல. "இரண்டு வழியும் ஒன்றுதான்" என்பதும் சரியல்ல.

28 சதவீதம் கூடினால் இறக்குமதி நின்றுவிடுமா?

ஒரு தோராயக் கணக்கு போட்டுப் பார்க்கலாம். இந்தியாவின் கடுகு உற்பத்தி ஆண்டுக்குச் சுமார் 120 முதல் 130 லட்சம் டன். செக்கிலும் ஆலையிலும் மூன்றில் ஒரு பங்கு எண்ணெய் கிடைக்கிறது என்று வைத்தால் 40 லட்சம் டன் சொச்சம். நாட்டில் உள்ள ஒவ்வொரு கடுகு வயலும் டிஎம்ஹெச்-11-க்கு மாறி, ஒவ்வொன்றிலும் முழுசாக 28 சதவீதம் கூடியது என்றே வைத்துக்கொண்டாலும், கூடுதலாகக் கிடைப்பது 11, 12 லட்சம் டன் எண்ணெய். இறக்குமதி 160 லட்சம் டன். அதாவது, பத்தில் ஒரு பங்குகூடக் குறையாது.

வெளிநாட்டு விளைச்சலோடு ஒப்பிடும்போதும் கவனம் தேவை. இந்தியாவில் ஹெக்டேருக்குச் சராசரியாக ஒன்றரை டன்னுக்குச் சற்று முன்பின். ஜெர்மனியில் மூன்று டன்னுக்கு மேல் என்பார்கள். ஆனால் ஜெர்மனி ரேப்சீட் ஆகஸ்டில் விதைத்து, பனிக்காலத்தைத் தாண்டி, அடுத்த ஜூலையில் அறுக்கும் பயிர். கிட்டத்தட்ட பதினோரு மாதம் வயலில் நிற்கிறது. குளிரைக் கடந்தால்தான் அது பூக்கவே செய்யும். இந்தியக் கடுகுக்குக் கிடைப்பது நான்கு, நான்கரை மாதம். வெயில் ஏறுவதற்குள் எல்லாம் முடிந்தாக வேண்டும். அந்த இடைவெளியை எந்த மரபணுவும் முழுதாக நிரப்பாது.

விவசாயி எதை விதைப்பார் என்பதைத் தீர்மானிப்பது விலையும்தான். 2023 அறுவடை நேரத்தில் கடுகின் குறைந்தபட்ச ஆதரவு விலை குவிண்டாலுக்கு 5,450 ரூபாய். சந்தையில் விலை அதற்கும் கீழே போனது. இறக்குமதி வரி குறைவாக இருந்ததால் மலிவு எண்ணெய் குவிந்தது ஒரு முக்கியக் காரணம். 2024 செப்டம்பரில் மத்திய அரசு கச்சா சமையல் எண்ணெய் மீதான அடிப்படை வரியை 20 சதவீதமாக உயர்த்தியது. 2025 மே இறுதியில் அதை 10 சதவீதமாகக் குறைத்தது. வரி ஏறினால் விவசாயிக்கு நல்லது, இறங்கினால் வாங்குபவருக்கு நல்லது. இந்த இழுபறி தீராமல் புதிய ரகம் மட்டும் வந்தால், கூடுதல் விளைச்சலே விலையை இறக்கிவிடும் ஆபத்தும் இருக்கிறது.

நீதிபதிகள் எதில் பிரிந்தார்கள், எதில் சேர்ந்தார்கள்?

நீதிபதி பி.வி. நாகரத்னா ஒப்புதலை ரத்து செய்தார். சுற்றுச்சூழல் மீதான தாக்கம் பற்றி இந்தியச் சூழலில் நடந்த ஆய்வுகளைப் பார்க்காமல், வெளிநாட்டு ஆய்வுகளை நம்பி முடிவெடுத்தது முன்னெச்சரிக்கைக் கொள்கைக்கு எதிரானது என்பது அவர் பார்வை. நீதிபதி சஞ்சய் கரோல், ஜிஇஏசியின் நடைமுறையில் தவறில்லை என்றார். கடும் பாதுகாப்பு நிபந்தனைகளோடு களச் சோதனை தொடரலாம் என்றார். கருத்து பிரிந்ததால், விவகாரம் கூடுதல் நீதிபதிகள் கொண்ட அமர்வை அமைப்பதற்காகத் தலைமை நீதிபதிக்கு அனுப்பப்பட்டது.

இருவரும் ஒன்றாகச் சொன்ன விஷயங்களும் உண்டு. இத்தகைய ஒப்புதல்களை நீதிமன்றம் பரிசீலிக்கலாம். மரபணு மாற்றுப் பயிர்களுக்கென ஒரு தேசியக் கொள்கையை மத்திய அரசு உருவாக்க வேண்டும். அதற்கு மாநிலங்கள், விவசாயிகள், நிபுணர்கள் எல்லோரிடமும் கலந்து பேச வேண்டும்.

அடுத்து என்ன?

இந்தச் சண்டையில் இரண்டு கேள்விகள் ஒன்றாகப் பின்னிக் கிடக்கின்றன. கடுகில் ஒட்டு விதை தயாரிக்க நல்ல வழி வேண்டுமா? வேண்டும் என்பதில் பெரிய கருத்து வேறுபாடு இல்லை. அதற்காகக் களைக்கொல்லி தாங்கும் குணத்தையும் வயலுக்கு அனுப்ப வேண்டுமா? இங்கேதான் பதில் தேவை. விதைக்கூடத்தில் செடியைப் பிரிக்க வைத்த கருவியை, விவசாயியின் வயலில் யாரும் பயன்படுத்தாமல் பார்த்துக்கொள்வது யார் பொறுப்பு? விதை நிறுவனமா, மருந்துக் கடைக்காரரா, மாநில வேளாண் துறையா? ஒப்புதல் கடிதத்தில் தடை இருக்கிறது. அதை வயலில் நடைமுறைப்படுத்தும் ஏற்பாடுதான் தெளிவாக இல்லை.

இதற்கு ஆய்வகத்திலேயே ஒரு விடை தேடலாம்: மருந்து இல்லாமல் மலட்டுச் செடியைப் பிரிக்கும் வழி. வயலிலும் ஒன்று செய்யலாம்: 1970-களின் வருணாவோடு அல்லாமல், இன்று கடையில் கிடைக்கும் சிறந்த ஒட்டு ரகங்களோடு பக்கத்துப் பக்கத்து பாத்தியில் டிஎம்ஹெச்-11-ஐ விதைத்து, தேனீக்களையும் கணக்கெடுத்து, எல்லாத் தரவையும் பொதுவெளியில் வைப்பது. அப்படியொரு ஒப்பீடு வந்தால் ஆதரிப்பவர்களின் 28 சதவீதமும் சோதிக்கப்படும், எதிர்ப்பவர்களின் சந்தேகமும் சோதிக்கப்படும்.

அது நடக்கும் வரை, ஆண்டுதோறும் டிசம்பரில் வட இந்தியா மஞ்சளாகும். தேனீப் பெட்டி லாரிகள் பரத்பூர் பக்கம் போகும். துறைமுகங்களில் பாமாயில் கப்பல்கள் வந்து நிற்கும். அடுத்த முறை தாளிக்கும்போது கடுகு வெடித்தால், அதன் பூவில் நிற்கும் ஆறு சின்னத் தாள்கள்தான் இத்தனைக்கும் காரணம் என்பது நினைவுக்கு வரலாம்.